தராசு காட்டும் கிராம்

திரவங்களை நிறுப்பது பற்றியும், நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: நிறைக்குக் கிலோகிராம், எடைக்கு நியூட்டன் என்று படித்தோம். ஆனால் எந்தத் தராசிலும் நியூட்டன் என்று போட்டிருப்பதில்லையே! தராசு அளப்பது நிறையா, எடையா?

பதில்: டிஜிட்டல் தராசு உணர்வது எடையை, எழுதிக் காட்டுவது நிறையை. நடுவில் ஒரு கணக்கு நடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால்தான் இந்தக் குழப்பம்.

ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது அதன் நிறை. அதை எங்கே கொண்டுபோனாலும் மாறாது. அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. அது இடத்துக்கு இடம் மாறும். 1 கிலோ தண்ணீரின் எடை பூமத்திய ரேகையில் 9.78 நியூட்டன், துருவத்தில் 9.83 நியூட்டன், நிலாவில் சுமார் 1.62 நியூட்டன். தண்ணீர் அதே தண்ணீர்தான், அதே 1 கிலோதான்.

சாதாரண டிஜிட்டல் தராசின் தட்டுக்கு அடியில் ஓர் அலுமினியச் சட்டம் இருக்கும். பாரம் ஏறினால் அது துளி வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைப் பட்டைகள் வளைவுக்கேற்பத் தங்கள் மின்தடையை மாற்றிக்கொள்ளும். ஆய்வகத்தின் நுண்தராசில் வேறு ஏற்பாடு: கீழே இறங்கப் பார்க்கும் தட்டை ஒரு மின்காந்தச் சுருள் மேலே தள்ளி அதே இடத்தில் நிறுத்துகிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் செலவானது என்பதே அளவு. இரண்டிலும் அளக்கப்படுவது விசைதான். அளவு திருத்தம் செய்யும்போது, நிறை தெரிந்த ஓர் எடைக்கல்லை வைத்து, 'இந்த விசை வந்தால் 200 கிராம் என்று காட்டு' என்று தராசுக்குப் பதிய வைக்கிறார்கள். அந்த இடத்தில் அது சரி. பூமத்திய ரேகையில் திருத்திய தராசை அப்படியே துருவத்துக்குத் தூக்கிப் போனால், 1 கிலோ தண்ணீருக்கு ஏறக்குறைய 1005 கிராம் காட்டும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் நுண்தராசைத் தரைத்தளத்தில் திருத்திவிட்டு, 10 மீட்டர் உயரத்தில் உள்ள மாடிக்கு மாற்றினால் 200 கிராம் கல்லுக்கு 0.6 மில்லிகிராம் குறையும். கடைசி இலக்கம் ஆறு எண் நகர்ந்துவிடும். தராசை இடம் மாற்றியதும் மறுபடி அளவு திருத்தம் செய்யச் சொல்வதற்கு, வழியில் பட்ட அதிர்ச்சியோடு இதுவும் ஒரு காரணம்.

இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தட்டில் திரவம், மறு தட்டில் எடைக்கல். ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் மாறுவதால் சமநிலை கலையாது. நிலாவில் அது 1 கிலோவை 1 கிலோ என்றே சொல்லும். பூமியில் கிராம் கோடு போட்ட சுருள்வில் தராசோ அங்கே 165 கிராம் என்று சொல்லும்.

எடை இடத்துக்கு இடம் மாறும் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது தராசு அல்ல, கடிகாரம். 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரம் ஒன்றை எடுத்துப் போனார். பாரிசில் சரியாக ஓடியது அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைவு என்று பிறகு நியூட்டன் விளக்கினார்.

கேள்வி: ஒரு திரவத்தில் சரியாக 100 கிராம் எடுக்க வேண்டும். முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கெங்கே தவறு வரும்?

பதில்: முதலில் தராசின் கொள்ளளவைப் பாருங்கள். 500 கிராம் வரை தாங்கும் தராசில் 350 கிராம் கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் திரை 0 காட்டும். ஆனால் மிச்சம் இருப்பது 150 கிராமுக்கு மட்டும்தான் இடம். டேர் செய்வது பாத்திரத்தைக் கணக்கிலிருந்து கழிக்கிறதே தவிர, தட்டின் மேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பதில்லை. ஆகவே பாத்திரம் இலேசாக இருக்கட்டும். ஆவியாகும் திரவமானால் வாய் குறுகலாகவும் இருக்கட்டும்.

தராசை ஆடாத மேசையில் வையுங்கள். நீர்மட்டக் குமிழி இருந்தால் கால்களைத் திருகி அதை நடுவட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மின்சாரம் கொடுத்துச் சற்று நேரம் விடுங்கள். நுண்தராசுக்கு அரை மணியாவது வேண்டும். பாத்திரம் உள்ளும் புறமும் உலர்ந்திருக்க வேண்டும். முக்கியமாக அடிப்பக்கம்: அங்கே ஒட்டிய ஒரு சொட்டுத் தண்ணீர் 0.05 கிராம். பாத்திரத்தைத் தட்டின் நடுவில் வைத்து, எண் அசையாமல் நின்றபின் டேர் செய்து, ஊற்றுங்கள். 95 கிராம் வரை தாராளமாக ஊற்றலாம். அதன் பிறகு சொட்டுக் குழாயால் விடுங்கள். ஊற்றும்போது விழும் ஓட்டத்தின் மோதலும் தட்டை அழுத்தும். அதனால் ஊற்றுவதை நிறுத்திய பிறகு காட்டும் எண்ணே கணக்கு. 100-ஐத் தாண்டிவிட்டால் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்ததை மூலப் புட்டியில் திரும்ப விட்டால் மொத்தப் புட்டியும் மாசுபடலாம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பீக்கரில் சரியாக 100 கிராம் எடுத்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால், அங்கே போய்ச் சேர்வது 100 கிராம் அல்ல. தண்ணீரானால் கொஞ்சம், கிளிசரின் போன்ற பிசுபிசுப்பான திரவமானால் கணிசமாகவே சுவரில் ஒட்டி நின்றுவிடும். இதற்கு வித்தியாச முறைதான் சரி. திரவம் உள்ள புட்டியையே தட்டில் வைத்து டேர் செய்யுங்கள். புட்டியை எடுத்து, வேண்டிய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, மறுபடி தட்டில் வையுங்கள். திரை மைனஸ் 100.0 காட்டினால் 100 கிராம் போய்ச் சேர்ந்துவிட்டது. புட்டியின் உள்ளே எவ்வளவு ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. வெளிச்சுவரில் வழிந்து கீழே சிந்தியது மட்டும் கணக்கைக் கெடுக்கும்.

ஊற்றிய பிறகும் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டிருந்தால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லிவிடும். மெல்ல மெல்ல இறங்கினால் திரவம் ஆவியாகிறது. அசிட்டோன், எத்தனால் போன்றவை திறந்த பீக்கரில் கண்ணெதிரே குறையும், மூடி போட்டு நிறுங்கள். மெல்ல ஏறினால் மூன்று சாத்தியங்கள்: குளிர்ந்த பாத்திரத்தின் வெளிச்சுவரில் காற்றின் ஈரம் படிகிறது, அல்லது அடர் கந்தக அமிலம், கிளிசரின் போல ஈரம் உறிஞ்சும் திரவம், அல்லது பாத்திரம் சூடாக இருந்து ஆறுகிறது. சூடான பாத்திரத்தைச் சுற்றியுள்ள காற்று மேலெழும்போது அதையும் சற்று தூக்கிவிடுவதால் தொடக்கத்தில் குறைவாகக் காட்டி, ஆற ஆற எண் ஏறும். எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே நிறுக்க வேண்டும் என்பது இதனால்தான். முன்னும் பின்னுமாகத் தாவினால் மின்விசிறிக் காற்று, அல்லது உலர்ந்த பிளாஸ்டிக் புட்டியில் ஏறிய நிலைமின்னூட்டம். கண்ணாடிக்கோ உலோகத்துக்கோ மாறிப் பாருங்கள். திரவத்தைக் கலக்கச் சுழலவிடும் காந்தத் துண்டு குடுவைக்குள் கிடந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மின்காந்தத் தராசில் அது சேர்க்கும் பிழை, துண்டு கிடக்கும் திசையைப் பொறுத்து மாறுவதால் கழித்துக்கொள்ளவும் முடியாது.

கேள்வி: டேர் செய்துவிட்டு மிக மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண்ணுக்குத் தெரிகிற அளவு சேர்ந்த பிறகும் திரை 0 என்றே நிற்கிறது. தராசு பழுதா?

பதில்: பழுதில்லை, அதிபுத்திசாலித்தனம். பல டிஜிட்டல் தராசுகளில் சுழியைத் தானாகத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. வெப்பநிலை மாற்றத்தால் சுழி மெல்ல விலகினால், அதைப் பயனர் பார்க்காமலேயே தராசு சரி செய்துகொள்ளும். நீங்கள் விடும் சொட்டு அந்த விலகலைப் போலவே மெதுவாக வருவதால், அதையும் விலகல் என்று நினைத்து ஒவ்வொரு சொட்டாக விழுங்கிவிடுகிறது.

டேர் செய்யாதீர்கள். காலிப் பாத்திரத்தின் எண்ணை, உதாரணமாக 84 கிராம் என்று குறித்துக்கொண்டு, அதற்கு மேல் சேர்ப்பதைக் கழித்தறியுங்கள். பெரும்பாலும் இந்தத் திருத்தம் சுழிக்கு அருகில்தான் வேலை செய்யும், 84-ல் செய்யாது. முதல் சில கிராமைச் சட்டென்று ஊற்றிவிட்டுப் பிறகு சொட்டு விடுவதும் பலன் தரும். எப்படியானாலும் 1 கிராம் படியில் காட்டும் தராசில் 2 கிராம் அளக்க முயல வேண்டாம், பாதிக்குப் பாதி பிழை வரலாம். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு அதற்கென்றே இருக்கிறது.

கேள்வி: 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்பார்கள். நல்ல அளவுக் குடுவையில் குறி வரை நிரப்பினேன், அறை வெப்பநிலை 25 டிகிரி. திரையில் 996 கிராம். 4 கிராம் எங்கே?

பதில்: உங்கள் தராசும் குடுவையும் நன்றாகவே இருக்கின்றன. 1 லிட்டருக்கு 1 கிலோ என்பது தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கும் 4 டிகிரி செல்சியஸுக்குப் பொருந்தும் கணக்கு. 20 டிகிரியில் லிட்டருக்கு 998.2 கிராம், 25-ல் 997.05, 30-ல் 995.65, 40-ல் 992.2. உங்கள் 4 கிராமில் 3 இப்படிப் போனது.

மீதி 1 கிராமைக் காற்று தூக்கிக்கொண்டது. காற்றும் ஒரு பாய்மம்தான். அதில் மூழ்கியிருக்கும் எதையும் அது மேலே தள்ளும். 1 லிட்டர் தண்ணீர் 1 லிட்டர் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிராம். அந்த அளவுக்குத் தண்ணீர் இலேசாகத் தெரியும். அப்படியானால் 1.2 குறைய வேண்டுமே என்றால், தராசைத் திருத்திய எஃகு எடைக்கல்லும் காற்றில்தான் இருந்தது. 1 கிலோ எஃகின் பருமன் 125 மில்லி, அதைக் காற்று தூக்கியது 0.15 கிராம். வித்தியாசம் 1.05 கிராம். 997.05-லிருந்து அதைக் கழித்தால் 996.0.

பிப்பெட்டுகளை, அதாவது திரவத்தை அளந்து விடும் குழாய்களை, சரிபார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். வெளியே விட்ட தண்ணீரைத் தராசில் நிறுத்து, 20 டிகிரியானால் 1.0029-ஆலும், 25 டிகிரியானால் 1.0040-ஆலும் பெருக்கினால் மில்லியில் பருமன் கிடைக்கும். வெப்பநிலை, காற்று தூக்குவது இரண்டும் அந்த ஒற்றை எண்ணுக்குள்ளேயே அடக்கம். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கேள்வி: தராசில் வைத்த பீக்கர் தண்ணீரில், சுவரையும் அடியையும் தொடாமல் விரலை நுழைத்தால் எண் ஏறுகிறது. எதுவும் சேரவில்லையே?

பதில்: விரலைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது, விரல் அதே அளவு விசையோடு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. ஆகவே விரல் விலக்கிய தண்ணீரின் நிறைக்குச் சமமாக எண் ஏறும். 78 கிராம் எஃகுத் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் பருமன் 10 மில்லி, ஆகவே 10 கிராம்தான் ஏறும். நூலைத் தளர்த்தி அடியில் உட்கார விட்டால் 78-உம் ஏறும். ஒழுங்கற்ற வடிவப் பொருளின் பருமனைக் காண இதைவிட எளிய வழி கிடையாது.

தீமையும் இதிலேயே இருக்கிறது. தாங்கியில் மாட்டிய வெப்பமானியைப் பீக்கருக்குள் விட்டபடி நிறுப்பவர்கள் உண்டு. 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெப்பமானி 5 சென்டிமீட்டர் மூழ்கினால் 1.4 கிராம் பொய்யாக ஏறும். முதலிலேயே டேர் செய்துவிட்டேன் என்றாலும் தப்ப முடியாது. திரவம் உயர உயர இன்னும் கொஞ்சம் மூழ்குமே! நிறுக்கும் நேரத்தில் வெப்பமானியை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 50 மில்லி தண்ணீரையும் 50 மில்லி எத்தனாலையும் கலந்தால் 100 மில்லி வரவில்லை. நிறையும் குறைந்திருக்குமா?

பதில்: குறையாது. பருமன் 96 அல்லது 97 மில்லிக்கு வரும், ஏனென்றால் மூலக்கூறுகள் கலந்த பிறகு நெருக்கமாக அமைகின்றன. 20 டிகிரியில் நிறை முன்னும் 89.4 கிராம், பின்னும் 89.4 கிராம், ஆவியாகாமல் மூடி வைத்திருந்தால். கலவைகளைப் பருமனில் எழுதாமல் நிறையில் எழுதுவதே நல்லது.

கேள்வி: திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் திரவமானியை நிலாவுக்குக் கொண்டுபோனால் மேலே எழும்பி மிதக்குமா?

பதில்: அதே கோட்டில்தான் நிற்கும். அதன் எடை ஆறில் ஒன்றாகும்போது, திரவம் தள்ளும் விசையும் ஆறில் ஒன்றாகிவிடும். திரவமானியை ஏமாற்றுவது ஈர்ப்பு அல்ல, வெப்பநிலை. 20 டிகிரிக்கு அளவு குறித்ததை 35 டிகிரி திரவத்தில் மிதக்கவிட்டால் அடர்த்தி குறைவாகத் தெரியும்.

கேள்வி: விமானத்தில் எரிபொருளை லிட்டரில் நிரப்பினாலும் விமானிகள் கணக்கிடுவது கிலோவில் என்கிறார்களே, ஏன்?

பதில்: எரிந்து வரும் ஆற்றல் நிறையைப் பொறுத்தது. விமானம் தூக்க வேண்டியதும் அந்தப் பாரத்தைத்தான். லிட்டரோ வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். வழக்கமான ஜெட் எரிபொருளின் அடர்த்தியே 15 டிகிரியில் லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை எங்கேயும் இருக்கலாம். எனவே நிரப்பும்போது அடர்த்தியைக் கேட்டுப் பெருக்கியாக வேண்டும்.

அந்தப் பெருக்கல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23-ல் நடந்ததே சாட்சி. மாண்ட்ரியலில் இருந்து புறப்பட்ட ஏர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டிகள் வேலை செய்யவில்லை. தேவை 22,300 கிலோ. தொட்டியில் அளவுக் குச்சியால் கண்டது 7,682 லிட்டர். இதை எரிபொருளின் அடர்த்தியான லிட்டருக்கு 0.803 கிலோவால் பெருக்கினால் 6,169 கிலோ. மீதி 16,131 கிலோவுக்கு 20,088 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் கணக்குப் போட்டவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டு என்பதற்கான எண். 7,682-ஐ அதனால் பெருக்கி வந்த 13,597 பவுண்டைக் கிலோ என்றே எடுத்துக்கொண்டார்கள். ஊற்றியது 4,916 லிட்டர், தேவைப்பட்டதில் கால் பங்கு. வழியில் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கியது. இரு எஞ்சின்களும் நின்றுபோக, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் விமானி அதை எஞ்சின் இல்லாத கிளைடர்போல் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கூட்டலும் கழித்தலும் பிழையில்லை, அலகுதான் மாறிப்போனது.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் எடை தெரியாது. அங்கே ஒரு புட்டித் திரவத்தின் நிறையை எப்படி அளப்பார்கள்?

பதில்: 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் இன்னும் 89 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவையும் சேர்ந்து விழுந்துகொண்டே சுற்றுவதால் ஒன்று மற்றொன்றை அழுத்துவதில்லை, அவ்வளவுதான். இருதட்டுத் தராசு உட்பட எல்லாத் தராசும் அங்கே வீண். ஆனால் நிறை போய்விடவில்லை. அசைத்துப் பார்த்தால் தெரியும். பொருளைச் சுருள்வில்லில் பொருத்தி ஆட விடுவார்கள். நிறை நான்கு மடங்கானால் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காகும். 1973-ல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்திலேயே வீரர்களின் உடல் நிறையை இப்படி அளந்தார்கள்.

பூமியிலும் செய்து பார்க்கலாம். இரண்டு இரும்பறுக்கும் ரம்பத் தகடுகளை இணையாக வைத்து, ஒரு முனையை மேசை விளிம்பில் இறுகப் பிடிக்கவிட்டு, மறு முனையில் சிறு மரத்தட்டைக் கட்டுங்கள். தகடுகளின் அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். அப்போதுதான் தட்டு பக்கவாட்டில் ஆடும், ஈர்ப்பு குறுக்கிடாது. 50, 100, 150, 200 கிராம் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் இறுக்கிக் கட்டி, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மும்முறை எடுத்துச் சராசரி காணுங்கள். ஓர் அலைவின் நேரத்தை வர்க்கப்படுத்தி நிறைக்கு எதிரே புள்ளியிட்டால் நேர்கோடு கிடைக்கும். அது சுழி வழியாகப் போகாது, தட்டுக்கும் தகடுகளுக்கும் நிறை இருப்பதால். பிறகு திரவப் புட்டியைக் கட்டி ஆடவிட்டு, கோட்டில் அதன் இடத்தைப் பாருங்கள். காலிப் புட்டியின் நிறையைக் கழித்தால் திரவத்தின் நிறை.

புட்டியை விளிம்பு வரை, குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். பாதி நிரப்பிய புட்டியில் திரவம் தன்போக்கில் தளும்பும். தட்டு ஒரு பக்கம் போகும்போது அது மறு பக்கம் போகும். அலைவு சீக்கிரம் தேய்ந்து, கிடைக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். 20 அலைவு தாங்காமல் நின்றுவிட்டால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதை, அடுத்தது மேசையில் தகட்டின் பிடி தளர்ந்திருக்கிறதா என்பதை.